ஆலை விற்கப்பட்டால் சங்கத்தின் பேச்சுவார்த்தை உரிமை எங்கே போகிறது?

ஒரு தொழிற்சாலை கைமாறும்போது நிலம், கட்டடம், எந்திரங்கள், வங்கிக் கடன், வாடிக்கையாளர்களுடன் போட்ட கொள்முதல் ஒப்பந்தங்கள் என எல்லாம் வரிவரியாகப் பட்டியலிடப்பட்டு வாங்குபவர் பெயருக்கு மாறுகின்றன. அந்த ஆலையில் தொழிற்சங்கம் பேசிப் பெற்ற ஊதிய ஒப்பந்தமும், அடுத்த ஒப்பந்தத்தைப் பேசும் உரிமையும் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். வாகன உதிரிபாகத் தொழிலில் சங்கப் பணி செய்பவன் என்ற முறையில், நம் சட்டத்தில் உள்ள இந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ள நிர்வாகிகள்கூட இதில் தடுமாறுகிறார்கள். கம்பெனியின் பங்குகள் கைமாறுவது வேறு, ஆலை கைமாறுவது வேறு. 2025 ஜனவரியில் பெகாட்ரான் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் 60 சதவீதப் பங்குகளை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. இத்தகைய பங்கு விற்பனையில் சட்டத்தின் பார்வையில் முதலாளி மாறுவதில்லை. அதே கம்பெனிதான் தொடர்கிறது, ஆகவே நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களும் தொடர்கின்றன. அப்படியும் இழப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமத்திடம் பங்கு விற்பனையாகவே ஒப்படைக்கப்பட்டது. ஊதியத் தேக்கம், பதவி உயர்வு தொடர்பாக விற்பனைக்குப் பல ஆண்டுகள் முன்பே ஊழியர்கள் தொடுத்திருந்த, அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடப்படும் ரிட் மனுக்கள், நிறுவனம் இனி அரசு என்ற வரையறைக்குள் வராது என்ற காரணத்தால் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடித்துவைக்கப்பட்டன. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு தொடுத்தபோது திறந்திருந்த கதவு, தீர்ப்பு வரும்போது மூடப்பட்டிருந்தது.

ஆலையே விற்கப்படும்போது பாதிப்பு இதைவிட ஆழமானது. இதன் வரலாறு பார்சி சிற்றிரயில்வேயில் தொடங்குகிறது. மகாராஷ்டிரத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தனியார் இரயில்வேயை 1954-இல் அரசு எடுத்துக்கொண்டபோது, பழைய கம்பெனி தன் தொழிலாளர்களின் பணியை முடித்துவைத்தது. இது ஆட்குறைப்பு ஆகாது, எனவே அதற்கான இழப்பீடும் கிடையாது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 1957-இல் முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் திருத்தச் சட்டமாகவும் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-எஃப்எஃப் பிரிவு இப்போது நாம் அறிந்த வடிவைப் பெற்றது. ஆலை கைமாறும்போது ஓராண்டுக்குக் குறையாத தொடர்பணி உள்ள தொழிலாளிக்கு, அவர் ஆட்குறைப்புச் செய்யப்பட்டதாகவே கொண்டு, ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். பணித் தொடர்ச்சி அறுபடாமல், பணி நிபந்தனைகள் எவ்வகையிலும் குறையாமல், பின்னாளில் ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பைப் புதிய முதலாளி ஏற்றால் மட்டும் இந்தத் தொகை தர வேண்டியதில்லை.

படிக்கும்போது நல்ல பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் அனகாப்பள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு இதன் எல்லையைக் காட்டிவிட்டது. அதற்கு முன்பு தொழில் தீர்ப்பாயங்கள், வாங்கியவர் முழுத் தொழிலையும் வாங்கினாரா, அதே இடத்தில் நடத்துகிறாரா, இடையில் பெரிய இடைவெளி இல்லாமல் நடத்துகிறாரா, அதே வகைத் தொழிலைத்தான் நடத்துகிறாரா என்றெல்லாம் பார்த்து, அவர் உண்மையான வாரிசு என்று கண்டால் பழைய தொழிலாளரை வேலைக்கு எடுக்கும்படி உத்தரவிட முடிந்தது. 25-எஃப்எஃப் வந்தபின், இழப்பீடு பெறும் உரிமையும் வேலை கேட்கும் உரிமையும் சேர்ந்து இருக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20 ஆண்டுகள் உழைத்தவருக்கு 300 நாள் சம்பளம்; அதோடு கணக்கு முடிந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையை மூடுவதற்குக்கூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்த அதே சட்டத்தில், ஆலையை விற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை நான் நேரில் அறிந்த ஓர் ஆலையைக் கொண்டு சொல்கிறேன், பெயர் வேண்டாம். விற்பனை அறிவிப்பு தகவல் பலகையில் ஒட்டப்பட்ட அடுத்த வாரத்திலிருந்து தொழிலாளர்களை ஐந்தைந்து பேராக மனிதவளத் துறை அறைக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். மேலே "நியமன உத்தரவு" என்ற தலைப்பு, புதிய கம்பெனியின் பெயர், பணியில் சேரும் தேதியாக அடுத்த மாதம் முதல் நாள். கடைசிப் பத்தியில், இதற்கு முன்பிருந்த எல்லா ஏற்பாடுகளுக்கும் பதிலாக இக்கடிதத்தின் நிபந்தனைகளே பொருந்தும் என்று ஒரே ஒரு வாக்கியம். வெப்பப் பதப்படுத்தும் பிரிவில் வேலை செய்யும் ஒரு மூத்த தொழிலாளி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாயிற் கூட்டத்துக்கு வந்து, "தோழர், இதில கையெழுத்துப் போட்டா நம்ம போன வருஷம் போட்ட ஒப்பந்தம் இருக்குமா, இருக்காதா?" என்று கேட்டார். சர்வீஸைப் பற்றியோ கிராஜுவிட்டியைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை, ஒப்பந்தத்தைப் பற்றித்தான் கேட்டார். சரியான கேள்வியும் அதுதான்.

அதற்கான பதில், அந்த ஒப்பந்தம் எந்தப் பிரிவின் கீழ் கையெழுத்தானது என்பதில் இருந்தது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின் கீழ் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்படும் ஒப்பந்தம், அதே சட்டத்தின் 18(3) பிரிவின்படி முதலாளியை மட்டுமல்லாமல் அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை அவருடைய வாரிசுகளையும் வழிவந்தவர்களையும் உரிமை மாற்றம் பெற்றவர்களையும் கட்டுப்படுத்தும். அன்று வேலையில் இருந்தவர்களுக்கும் பிறகு சேர்பவர்களுக்கும் பொருந்தும். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் கையெழுத்திடும் 18(1) ஒப்பந்தமோ கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். எத்தனையோ சங்கங்கள், பேச்சு சுமுகமாக முடிந்த மகிழ்ச்சியில், தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாமே என்று 18(1)-இல் கையெழுத்திட்டுவிடுகின்றன. ஆலை நன்றாக ஓடும்வரை இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விற்பனை வரும் நாளில், முதல் வகை ஒப்பந்தம் வைத்திருப்பவர் சட்டத்தை நீட்டிப் பேசலாம், இரண்டாவது வகை வைத்திருப்பவர் புதியவரின் பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டும். காலம் முடிந்த ஒப்பந்தம்கூடப் புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும்வரை உயிரோடு இருக்கும் என்பதை ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 12(3) கையெழுத்தின் மதிப்பு விளங்கும்.

ஒப்பந்தம் பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஒப்பந்தத்தை யார் பேசுவது? இங்கேதான் நம் சட்டம் வாயே திறப்பதில்லை. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பதிவைப் பற்றிப் பேசியதே தவிர, நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரம் 1971-இல் தனிச் சட்டம் செய்துகொண்டது, தமிழ்நாடு செய்யவில்லை. தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு முதன்முறையாக நாடு முழுவதற்கும், 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்று விதித்திருக்கிறது. அந்தத் தொகுப்பின் மற்றப் பகுதிகள் மீது எனக்குக் கடுமையான எதிர்ப்பு உண்டு. மூடலுக்கு அனுமதி கேட்க வேண்டிய வரம்பை 100-இலிருந்து 300-ஆக உயர்த்தியது ஒன்று போதும். இந்த அங்கீகார விதியை மட்டும் நான் வரவேற்கிறேன். ஆனால் அப்படிக் கிடைத்த அங்கீகாரம் ஆலை விற்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. பழைய 25-எஃப்எஃப் ஏறத்தாழ அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அறுபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் இழப்பீட்டைத் தாண்டி யோசிக்கவில்லை.

வேறு நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் பர்ன்ஸ் வழக்கில், புதிய முதலாளி எடுத்துக்கொண்ட தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பழைய ஆட்களாக இருந்து தொழிலும் அப்படியே தொடர்ந்தால், அவர் பழைய சங்கத்துடன் பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் பழைய ஒப்பந்தத்தின் விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. நம் நிலை இதற்கு நேர் தலைகீழ்: இங்கே ஒப்பந்தம் தொடரலாம், பேசும் உரிமைக்கு உறுதி இல்லை. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு விதிகள் இரண்டையுமே காக்கின்றன. கைமாறிய தொழில் தன் தனி அடையாளத்தோடு தொடர்ந்தால் கூட்டு ஒப்பந்தமும் போகும், சங்க அங்கீகாரமும் அதோடு போகும். மாற்றத்துக்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தகவல் தர வேண்டும். அங்கும் புதிய முதலாளி பிற்பாடு அங்கீகாரத்தை விலக்க முயலலாம் என்றாலும், விற்பனை என்ற ஒரே காரணத்தால் அது அற்றுப்போவதில்லை.

முன்கூட்டியே தகவல் தரும் கடமை ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்த காரணத்தால், ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் வேலை செய்த சென்னை ஆலை மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வுத் தொகை வாங்கிக்கொண்டு பெரும்பாலோர் வெளியேறியிருந்தார்கள். அங்கே சங்கம் இருந்தது, போராடவும் செய்தது. விற்பனையின் எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பேசும் மேசையில் மட்டும் அதற்கு இடம் இருக்கவில்லை.

தனியொரு தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்ற முடியாது என்பதை பிலிப்ஸ் நிறுவனத்தின் கொல்கத்தா ஆலை தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. அந்தச் சம்மதத்தை ஐந்தைந்து பேராக அறைக்குள் அழைத்து வாங்கலாமா, சங்கத்தோடு பேசி வாங்க வேண்டுமா என்பதே என் கேள்வி. விற்பனைக்கு முன் பேச்சுவார்த்தைச் சங்கத்துக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பு, அங்கீகாரம் அதன் காலம் முடியும்வரை புதிய முதலாளியையும் கட்டுப்படுத்தும் என்ற ஒரு வரி, நிலுவையில் உள்ள கோரிக்கைப் பட்டியலைப் புதியவர் ஏற்றுப் பேச வேண்டும் என்ற இன்னொரு வரி ஆகியவை சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட வேண்டும்; மத்தியச் சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளில் இதை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதுவரை ஆலைச் சங்கங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆலையோ அதன் ஒரு பகுதியோ கைமாறினால் வாங்குபவர் இவ்வொப்பந்தத்தையும் இச்சங்கத்தையும் ஏற்க வேண்டும் என்பதை விற்பனைப் பத்திரத்தில் எழுத நிர்வாகம் கடமைப்பட்டது என்ற ஷரத்தை அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே வையுங்கள். ஊதிய உயர்வு பேசி முடிந்தபின் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்; ஊதியத்துக்கு முன்னால் வையுங்கள், கையெழுத்தைச் சமரச அலுவலர் முன் போடுங்கள்.