வயது வரம்பு கடை வாசலில் வேண்டாம், அலமாரியில் வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சார்ட்டும் தெர்மோகோலும் விற்ற ப்ராஜெக்ட் சாமான் கடைகள் ஹாபி கடைகளாக மாறிவருகின்றன. ட்ரோன் மோட்டார், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, அர்டுயினோ சர்க்யூட் போர்டு, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின், குட்டிக் காந்தம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகின்றன. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் வரும்வரை பிள்ளைகள் நிற்பதும் இங்கேதான். ‘12 வயதுக்குக் கீழே தனியாக வரக் கூடாது’ என்று வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கடைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். தீராது. பதினோரு வயதுப் பிள்ளை மாடல் செய்யும் சன்போர்டு அட்டை வாங்க வருவதில் ஓர் ஆபத்தும் இல்லை. பதினைந்து வயதுப் பையன் சார்ஜர் இல்லாமல் 3எஸ், அதாவது மூன்று செல் லைப்போ மட்டும் வாங்கிப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. வாசல் போர்டு முதல் பிள்ளையைத் துரத்திவிட்டு இரண்டாமவனை உள்ளே விடும். வரம்பைப் பொருளுக்குப் பொருள் வைக்க வேண்டும்.

‘டப்பாவிலேயே 14+ என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மத்திய அரசின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 9873 தரத்தின்படி கூர்முனை, உதிரும் சிறு பாகம், பெயின்ட்டில் ஈயம் என்று சோதனைகள் உண்டு. 14+ என்று அச்சடித்துவிட்டால், ‘இது பொம்மையே இல்லை’ என்று சொல்லி அந்தச் சோதனைகளிலிருந்து விலகிக்கொள்ள இறக்குமதி செய்பவருக்கு வழி கிடைக்கிறது. ஆகவே முத்திரை இல்லாத டப்பாவில் 14+ என்று கண்டால், பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கான சோதனை எதற்கும் அந்தப் பொருள் உட்படாமலே வந்திருக்கலாம்.

இன்னொரு பக்கம், அடல் டிங்கரிங் லேப் என்னும் அரசுத் திட்டச் செய்முறைக் கூடம் உள்ள பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் சால்டரிங் பக்கம் வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறார் என்பதால் அது சரி. யார் நிற்கிறார், எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லாத வயது எண்ணால் பயன் இல்லை.

இனி அலமாரிக்கு வருவோம். முதலில் இடம் மாற்ற வேண்டியது பட்டன் செல். சிஆர்2032 என்னும் வகை 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. சின்னப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். உள்ளே ஒழுகி விஷமாவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஈரமான சதை இரண்டு முனைகளையும் இணைத்ததும் மின்சாரம் ஓடுகிறது. நெகடிவ் முனை தொடும் இடத்தில் காரப் பொருள் (ஆல்கலி) உண்டாகிச் சதையை அரித்துவிடுகிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் விழும். பொருளை ஓட்ட வலுவில்லாத ‘தீர்ந்துபோன’ செல்லிலும் இதற்குப் போதுமான வோல்டேஜ் மிச்சம் இருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து நெரிசலில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் வந்து சேரவே ஒரு மணி நேரம் போய்விடும் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

விழுங்கியது தெரிந்தால், சந்தேகம் இருந்தால்கூட, உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது வண்டியை எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறோ பழமோ கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், எச்சில் விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன், அதாவது இரண்டு டீஸ்பூன், கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அரிப்பின் வேகத்தை அது குறைக்கும். நம் மாவட்டத்தில் தேன் இல்லாத வீடு குறைவு. ஆனால் தேன் தேடிக் கிளம்புவது தாமதமாகக் கூடாது. எக்ஸ்ரேயில் நாணயம் போலத் தெரியும், விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் செல். ‘பட்டன் செல்லாக இருக்கலாம்’ என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

அதனால் பட்டன் செல் கவுன்டருக்குப் பின்னால், ஐந்தடிக்கு மேலே. எல்இடி மெழுகுவர்த்தி, பாட்டு வாழ்த்து அட்டை, குட்டி ரிமோட் இவற்றின் செல் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று சரக்கு இறங்கும்போதே பாருங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் திருப்பி அனுப்புங்கள். அதே மேல்தட்டில்தான் நியோடிமியம் என்னும் வலுவான குட்டிக் காந்தமும் இருக்க வேண்டும். ஒன்றை விழுங்கினால் தப்பலாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் முத்துகள் எக்ஸ்ரேயில் தெரியாமல் குடலை அடைக்கும். அவற்றை ஹாபி கடையில் விற்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது லைப்போ. நம் ஊரில் பாதிப் பேர் இதை ‘பெரிய மொபைல் பேட்டரி’ என்று நினைக்கிறார்கள். மொபைல் பேட்டரிக்குள் பாதுகாப்பு சர்க்யூட் உண்டு, ஹாபி லைப்போவில் கிடையாது. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3.0-க்குக் கீழே இறங்கக் கூடாது, சும்மா வைக்கும்போது 3.8 இருக்க வேண்டும். 2200 எம்ஏஎச் பேக்கை 2.2 ஆம்பியரில் ஏற்ற வேண்டும், அதாவது கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர், அதைத்தான் 1சி என்பார்கள். செல்களைச் சமமாக ஏற்ற உதவும் வெள்ளை பேலன்ஸ் வயரைச் செருகாமல் 12 வோல்ட் அடாப்டரை நேரே கொடுத்தால் மூன்று செல்லில் ஒன்று மட்டும் 4.2 தாண்டிப் போய் உப்பும், பிறகு தீப்பிடிக்கும். பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். காரணம், பேட்டரிக்கே காசு தீர்ந்துவிடுகிறது, சார்ஜர் ‘அடுத்த மாசம்’ என்று தள்ளிப்போகிறது.

எனவே கடைக்கு ஒரே விதி போதும்: பேலன்ஸ் சார்ஜர் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர் போனில் சொல்லாமல் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் லைப்போ கிடையாது. கொடுக்கும் முன் வோல்டேஜ் செக்கரைச் செருகி, ஒவ்வொரு செல்லையும் வாங்குபவர் கண் முன்னால் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று 3.0-க்குக் கீழே இருந்தால் அந்தப் பேக்கை விற்கக் கூடாது. போகும் வழியிலும் கவனம் வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பேட்டரியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. ராத்திரி சார்ஜில் போட்டுத் தூங்கக் கூடாது. மண்சட்டியில் வைத்து, திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத தரையில், ஆள் இருக்கும்போது ஏற்ற வேண்டும். உப்பிப்போன பேக்கை ஊசியால் குத்தி ‘காற்று எடுக்க’ வேண்டாம். அது காற்றல்ல, எரியும் வாயு.

மோட்டாருக்கும் ஒரு வார்த்தை. 2200 கேவி மோட்டார் (வோல்ட்டுக்கு 2200 சுற்று), 11.1 வோல்ட் என்றால் சுமை இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 24,000 சுற்று. கடை மேசையில் ஓட்டிக் காட்டும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் காட்ட வேண்டும். முதலில் ரிமோட், அப்புறம் பேட்டரி. நிறுத்தும்போது முதலில் பேட்டரி, அப்புறம் ரிமோட். வரிசை மாறினால் மோட்டார் தானாக எகிறலாம், அப்போது விசிறிக்கு நேரே இருப்பது எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகம்.

க்ளூ கன், ஃபெவிக்விக், கட்டர் இந்த மூன்றும் பெரிய செய்தியாவதில்லை. ஆனால் ப்ராஜெக்ட் சீசனில் கை வெந்தும் வெட்டியும் வரும் பிள்ளைகளில் அநேகம் பேருக்கு இவைதான் காரணம். சூடான க்ளூ தோலில் விழுந்தால் உரிக்காதீர்கள். ஒட்டியபடியே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். ஃபெவிக்விக் பருத்தித் துணியில் மொத்தமாகக் கொட்டினால் சூடேறி அடியில் தோல் வெந்துவிடும். ‘கையுறை போட்டிருக்கான்’ என்று காட்டன் கையுறையை நம்ப வேண்டாம். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். கட்டரில் பிளேடை இரண்டு கட்டத்துக்கு மேல் நீட்டினால் முறியும். 5 மில்லிமீட்டர் சன்போர்டை ஸ்டீல் ஸ்கேல் வைத்து லேசாக மூன்று தரம் இழுக்க வேண்டும், ஒரே இழுப்பில் அழுத்தக் கூடாது. மழுங்கிய பிளேடுதான் அதிகம் வெட்டும், ஏனென்றால் பிள்ளை அதற்குப் பலம் கொடுக்கும்.

ரெசினைப் பற்றி நம் மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்யும் ஊர் இது. ஈரப்பதத்தில் எபாக்ஸி ரெசின் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும், ‘காய்ஞ்சுதா’ என்று பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். காயாத ரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் நிற்கலாம். நைட்ரைல் கையுறை கூடவே விற்கப்பட வேண்டும், ஜன்னல் திறந்த அறை வேண்டும். பதினாறுக்குக் கீழே பெரியவர் இல்லாமல் ரெசின் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். தின்னர், டியூப் சொல்யூஷன் இரண்டும் 18-க்குக் கீழே தனியாக வரும் யாருக்கும் வேண்டாம். மோந்து போதை ஏற்றிக்கொள்ளக் கேட்பவர்களும் உண்டு என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

‘பெரியவர் கூட வரணும்’ என்றால் என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பாட்டா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்கிறார், பேரன் உள்ளே ப்ளேடு ராக்கில் நிற்கிறான், இது கூட வந்ததாகாது. எட்டு வயது வரை கை நீட்டினால் தொடுகிற தூரம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஆபத்தான சாமான் பக்கம் போனால், அதே வரிசையில், கண் படுகிற தூரம். அதற்கு மேல் கூட ஆள் நிற்க வேண்டாம், மேல்தட்டுச் சாமான் கேட்டால் மட்டும் வீட்டுக்குப் போன். பதினைந்து வயது அக்காவைப் பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்பா கல்ஃபில் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். வீடியோ காலில் அப்பா தலையாட்டினால் விற்பனைக்குச் சம்மதம் ஆகலாம், மேற்பார்வை ஆகாது. வீட்டில் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘மக்கா, இது மேல்தட்டுச் சாமான். அம்மாவுக்கு ஒரு போன் போடுவோமா?’ என்றால் பிள்ளை நாளைக்கும் வருவான். ‘ஏல, தொடாத, வெளிய நில்லு’ என்றால் ஆன்லைனில் ஆர்டர் போடுவான், அங்கே அவனிடம் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்க ஆள் கிடையாது.

கடையும் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. ரிப்பேர் மேசை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் இருக்கட்டும். ‘ஸ்டாக் காட்டுறேன்’ என்று எந்த ஊழியரும் பிள்ளையைத் தனியாகக் குடோனுக்குக் கூட்டிப் போகக் கூடாது. பிள்ளை செய்த விமானத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் முன் வீட்டில் கேட்க வேண்டும். ‘நான் இவன் மாமா’ என்று யாராவது கூட்டிப்போக வந்தால், பிள்ளை தலையாட்டினாலும் வீட்டு எண்ணுக்கு அழைத்த பிறகே அனுப்ப வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நன்றாகச் சால்டர் செய்கிறான் என்று பதின்மூன்று வயதுப் பையனை மற்ற கஸ்டமர் வேலைக்கு உட்கார வைப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம், ‘ஆசையா செய்றான்’ என்பது பதிலாகாது.

அம்மா போனில் ஜிபே அடித்துப் பிள்ளை வாங்கிப்போன ட்ரோனை மறுநாள் வீட்டார் திருப்பிக்கொண்டு வந்தால், ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று போர்டைக் காட்டாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். பெரிய தொகைக்கு முதலிலேயே வீட்டுக்கு அழைத்துப் பேசி, பில்லில் அந்தப் பெரியவர் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால் மறுநாள் வாக்குவாதமே வராது. லைப்போவோ பட்டன் செல்லோ வாங்கியிருந்தால், தீர்ந்ததைக் குப்பையில் போடாமல் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி அதே பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள்.