இன்னும் நாலு வரணும்

கிராமத்து அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கப் போகிறவர்கள், அன்றாடத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். விடியற்காலைப் பனி, சுருக்கம் விழுந்த கைகளின் க்ளோசப், மேலே ட்ரோன், பின்னால் புல்லாங்குழல். அதற்கு ‘இனவரைவியல் படம்’, அதாவது ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கைமுறையைப் பதிவுசெய்யும் படம், என்று பெயர் வேறு. குறை சொல்கிற நானும் இதைச் செய்தவன்தான்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நடையையும் காத்திருப்பையும் வெட்டித் தள்ளாதீர்கள். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று நமக்குத் தோன்றும் இடத்தில்தான் அவர்களுடைய நாளின் பாதி போகிறது.

1966-ல் சால் வொர்த், ஜான் அடேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ என்ற பழங்குடி மக்கள் சிலருக்குக் கேமராவைக் கையாளவும் ஃபிலிமை வெட்டி ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார்கள். ஒருவர் வெள்ளி வேலையைப் பற்றி எடுத்தார், ஒருவர் தன் அம்மாவின் நெசவைப் பற்றி. நாமாக இருந்தால் நேராகத் தறிக்குப் போய் விரல்களில் ஒட்டிக்கொண்டிருப்போம். அந்தப் படங்களில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். வேர் தேடி நடை, சாயத்துக்குச் செடி தேடி நடை. தறி வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் நெய்கிற அம்மாவைக் கேட்டால் அந்த நடையெல்லாம் சேர்ந்ததுதான் நெசவு என்பார். அதை வெளியாள் ஒருவர் எடுத்திருந்தால் முதலில் குப்பைக்குப் போவது அந்த நடைதான்.

இந்த இடத்தில் ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியைத் திட்டுவது வழக்கம். கனடாவின் வடகோடிப் பனிப்பிரதேசத்தில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றி 1922-ல் வந்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்துக்காகப் பனிவீட்டைப் பெரிதாகக் கட்டி, ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து எடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார். நாயகனின் உண்மையான பெயர்கூட நானூக் இல்லை, அலாகரியலாக். பனிவீட்டை நான் மன்னித்துவிடுவேன். அன்றைய கேமராவுக்கு அந்த இருட்டுக்குள் ஒன்றும் பதிவாகியிருக்காது. 1934-ல் வந்த ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்துக்காக அயர்லாந்தின் ஆரன் தீவில் செய்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தீவுக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்ட சுறா வேட்டையை அவர்களுக்கே புதிதாகக் கற்றுக்கொடுத்து எடுத்திருக்கிறார். அதே படத்தில் வெறும் பாறைமேல் கடற்பாசியைச் சுமந்துவந்து கொட்டி, மண் சேர்த்து நிலம் உண்டாக்குகிற காட்சி இருக்கிறது. கையில் அதை வைத்துக்கொண்டு சுறாவுக்கு ஏன் போனார் மனிதர்? அன்றாடம் பார்வையாளரைப் பிடித்து உட்காரவைக்காது என்ற பயம்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நாம் சுறாவுக்குப் பதிலாகப் புல்லாங்குழல் வைக்கிறோம், அவ்வளவுதான்.

இசை என்றதும் பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் ஞாபகம் வருகிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமெடுத்தவர், பிறகு அதை அந்த வேட்டைக்காரர்களிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அவர்களுடைய பாரம்பரிய இசையையே சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நீர்யானைக்குக் காது நன்றாகக் கேட்கும், இவ்வளவு சத்தம் போட்டால் ஓடிவிடாதா என்று கேட்டார்கள். ரூஷ் அந்த இசையை எடுத்துவிட்டார்.

எடுத்ததை எடுக்கப்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டுவதைவிடப் பெரிய பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை. விருதுக் குழு மயங்குகிற இடத்தில் அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

நான் மாட்டிக்கொண்டது ஓர் ஆடு மேய்ப்பவரிடம். சாயங்காலம் ஆடுகள் ஒரு ஒற்றையடிப் பாதை வழியாகத் திரும்பும் ஷாட். எதிர் வெயில், புழுதி, பார்த்தால் ஓவியம் மாதிரி இருக்கும். எட்டு வினாடியில் வெட்டி அடுத்த காட்சிக்குப் போயிருந்தேன். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஓவியத்தைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலைத் திரைக்கு அருகே நீட்டி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். காட்சி மாறியதும் விரல் அப்படியே நின்றது.

“தம்பி, இன்னும் நாலு வரணுமே?”

“வந்துச்சுண்ணே, நான்தான் அங்க வெட்டிட்டேன்.”

“அந்த நொண்டிக் குட்டி பின்னாடிதான் வரும். அது வந்ததுக்கப்புறம்தானே நான் கிளம்புவேன்?”

முழு ஷாட்டையும் திறந்து பார்த்தேன். கடைசி ஆடு போன பிறகும் பாதை காலியாகக் கிடக்கிறது. ஓரத்தில் அவர் கம்பை ஊன்றி நிற்கிறார். நாக்கால் இரண்டு தடவை ‘ட்ரோ’ என்று சத்தம் கொடுக்கிறார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் குட்டி நொண்டிக்கொண்டே வருகிறது. அதைத் தாண்டவிட்டு, அதன் பின்னால் அவர் நடக்கத் தொடங்குகிறார். எடுத்த அன்றைக்கு அந்தச் சத்தம்கூட என் காதில் விழவில்லை, ஹெட்போன் மாட்டியிருந்தும்.

இப்போது படத்தில் அந்த ஷாட் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. குழல் இல்லை. பார்த்த நண்பர்களில் இரண்டு பேர் ‘அங்க கொஞ்சம் ட்ரிம் பண்ணலாமே’ என்றார்கள். எந்த ஆட்டோடு நிறுத்தட்டும் என்று கேட்டேன்.