பைக்கற்றைத் திருப்பினால் திகதி பார்க்கிறோமாம்!

திருமலையில் எந்தக் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தாலும் சரி, கடைக்காரர் வாயிலிருந்து உடனே வருவது ஒன்றுதான்: "திகதி எல்லாம் இருக்கு தம்பி, போன கிழமைதான் வந்தது." அண்ணை, நான் திகதி பார்க்கவில்லை, இதில் எவ்வளவு சீனி, எவ்வளவு உப்பு என்று பார்க்கிறேன். அதைச் சொன்னால் போதும், கடைகளைச் சோதிக்கிற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வேலைக்கு எப்போது சேர்ந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை. பின்னால் நிற்கிறவர் மீதிக் காசுக்கு முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் சேர்ந்தே இருக்கிறது. கிளினிக்கில் "பார்த்துச் சாப்பிடுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சரி, பார்ப்போம் என்றால் எதைப் பார்ப்பது? சாமானின் பெயர் மூன்று மொழியிலும் பெரிதாக இருக்கும், பக்கத்தில் கோதுமைக் கதிர், பால் வழியும் படம், சிரிக்கிற பிள்ளை. சத்து விபரம் மட்டும் பின்பக்கம், அதுவும் பைக்கற்றை ஒட்டின மடிப்புக்குள்ளே, அநேகமாக ஆங்கிலத்தில், கண்ணாடி போட்ட எனக்கே தெரியாத எழுத்தில். என்.சி. வீதிக் கடையொன்றில் கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துத்தான் வாசித்தேன். என் அம்மா எப்படி வாசிப்பா?

வாசித்தாலும் அடுத்த வில்லங்கம். 'ஒரு பரிமாறலுக்கு' என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரு பரிமாறல் என்றால் மூன்று பிஸ்கட்டாம். தேத்தண்ணியோடு மூன்று பிஸ்கட்டில் கையை எடுக்கிற ஒருவரை எனக்குக் காட்டுங்கள், கும்பிட்டுவிட்டு வருகிறேன். நூடுல்ஸில் இன்னும் மோசம், உப்பு என்றே எழுதியிருக்காது, சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்புக் கணக்கு வரும். 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாக எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இதையெல்லாம் கடையில் நின்றுகொண்டு மனக்கணக்குப் போட வேண்டுமா? ரியூசன் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையாகக் கொடுக்கலாம்.

அதற்குத்தானே பைக்கற்றில் நிற வட்டம் போட்டிருக்கிறது என்பீர்கள். உண்மைதான், அதில் எனக்கு மரியாதை இருக்கிறது. 2016 இல் நம் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. 2019 இல் திண்பண்டங்களுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் வந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் மகனுக்கு ஒரு சோடாவை வாங்காமல் விட்டா. அந்த அளவுக்கு அது வேலை செய்கிறது.

ஆனால் அந்த மஞ்சள் இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. 2 கிராமுக்குக் கீழே பச்சை. இடையில் உள்ளதெல்லாம் மஞ்சள். அதாவது 3 கிராமும் மஞ்சள், பத்தரைக் கிராமும் அதே மஞ்சள்! 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை நிலாவெளி வெயிலில் ஒரே மூச்சில் குடித்துவிடுவோம். உள்ளே போனது 40 கிராம் சீனி, எட்டுத் தேக்கரண்டிக்குக் குறையாது. வளர்ந்த ஆள் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறார்கள். போத்தலிலோ மஞ்சள் வட்டம், "பரவாயில்லை, குடி" என்கிற மாதிரி.

பிஸ்கட்டில் வேறு கூத்து. சீனிக்குச் சிவப்பு, கொழுப்புக்கு மஞ்சள், உப்புக்குப் பச்சை, மூன்றும் ஒரே பைக்கற்றில். என் மச்சான் அதைக் காட்டி "ஒரு பச்சையும் இருக்குத்தானே" என்று வாதாடுகிறான். இவனோடு என்ன கதைப்பது!

இதை விடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது. வருத்தம் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் இனிப்பில்லாத கிறாக்கர் பைக்கற்றோடுதான் வருகிறார்கள். "சீனி இல்லை, பச்சை போட்டிருக்கு, அம்மா பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சீனி வட்டம் சீனியை மட்டும்தான் எண்ணுகிறது, மாச்சத்தை எண்ணுவதில்லை. கோதுமை மாவில் செய்த கிறாக்கரில் நூறு கிராமுக்கு எழுபது கிராம் அளவில் மாச்சத்து இருக்கும், அது உடம்புக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும். சீனி வருத்தக்காரர் பார்க்க வேண்டியது அந்த மொத்தக் கணக்கை. அது எங்கே இருக்கிறது? அதே மடிப்புக்குள்ளே, அதே பொடி எழுத்தில். பச்சையை நம்பி அம்மா ஒரு வரிசையையே முடித்துவிடுவா, பிறகு குத்திப் பார்த்தால் அளவு ஏறி நிற்கும், திட்டு எனக்கு.

சிலி நாட்டில் 2016 இல் பச்சை, மஞ்சள் ஒன்றும் வைக்கவில்லை. சீனி கூடினால் முன்பக்கத்திலேயே 'சீனி அதிகம்' என்று கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த சாமானில் பிள்ளைகளை இழுக்கிற கேலிச்சித்திரம் போடக்கூடாது, பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது. அதன் பிறகு முத்திரை விழுந்த பானங்களை வாங்குவது கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்தது. முத்திரைக்குப் பயந்து சீனியைக் குறைத்த கம்பனிகளும் உண்டு. சனம் படிக்காது, சனத்துக்கு அக்கறையில்லை என்று இங்கே சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன், கண்ணுக்கு முன்னால் விளங்குகிற மாதிரி வைத்தால் சனம் பார்க்கும்.

(பணிஸுக்கும் கடற்கரை வடைக்கும் யார் லேபல் ஒட்டுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடுவோம்.)

சட்டம் மாறும்போது மாறட்டும். இப்போதைக்குக் கடைக்கார அண்ணைமாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விலை ஸ்டிக்கரை ஒட்ட அவ்வளவு பெரிய பைக்கற்றில் வேறு இடமே இல்லையா? ஏன் சரியாக அந்த வட்டத்துக்கு மேலேயே ஒட்டுகிறீர்கள்? இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டுங்கோ!