லயத்துப் பிள்ளைக்கும் சலரோகம் வரும்

“சலரோகம் (நீரிழிவு) வசதியான வீட்டு நோய், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வராது” என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. முதலாம் வகையில், இன்சுலின் சுரக்கும் கணையக் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. சீனி தின்றதால் வருவதல்ல. தோட்டத்து வரிசை வீடான லயமா, பங்களாவா என்றும் பார்க்காது. இரண்டாம் வகையில் வறுமைக்கே பங்குண்டு: எடை குறைந்து பிறந்த பிள்ளை பின்னர் வேகமாகப் பருத்தால் ஆபத்து கூடும். கர்ப்பத்தில் தாய்க்குச் சலரோகம் இருந்தாலும் அப்படித்தான்.

பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டு, மெலிந்து, நின்றுபோன பழக்கம் திரும்பிப் பாயில் சிறுநீர் கழித்தால் அன்றைக்கே விரல்நுனி இரத்தத்தில் சீனி அளவு பாருங்கள். ஒரு டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால் சலரோகம் என்றே எடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு சேர்ந்துவிட்டால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.