நல்லவனா கெட்டவனா? சுடலையிடம் கேளுங்கள்

நல்லவனா கெட்டவனா என்று பிடிபடாத நாயகர்கள் மேற்கத்திய ஃபேன்டஸி நாவல்கள் வழியாகத்தான் நமக்கு வந்தார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, பார்த்திருந்தால் இப்படி எழுதத் தோன்றியிருக்காது.

கொடையில் பாடும் வில்லுப்பாட்டில் வரும் சுடலைமாடன் என்ற காவல் தெய்வத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, சுடுகாட்டில் பிணம் தின்றதால் கைலாயத்தில் இடமில்லாமல் பூமிக்கு வருகிறான். அப்புறம் ஒரு மந்திரவாதியின் மகளுக்கு அவன் செய்வதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. பாடுகிறவரும் அதை மழுப்புவதில்லை. சின்ன வயதில் என் ஆச்சியிடம், "இவன் எப்படி சாமி ஆனான்?" என்று கேட்டேன். "ஏல, அவன் நம்ம காவல்காரன், நீதிபதியா?" என்றாள். இன்றுவரை எனக்கு அந்தப் பதில் பாதிதான் புரிந்திருக்கிறது.

வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடும் நாயகன் வேண்டுமா? அதே வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் இருக்கிறான். பிராமணனான அவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் பெண்கள் இருவரை மணக்க, பூணூலைக் கழற்றிவிட்டு செருப்புத் தைக்கிறான். கடைசியில் மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். காரையார் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை.

சரி, கட்டுரையின் மற்ற பகுதி நன்றாக இருந்தது. டிராகன் பற்றிய பத்தியை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.