பிசிஏஏ குடிக்காவிட்டால் தசை கரையுமா?

"ஜிம் போகிறவர்கள் பிசிஏஏ பவுடர் குடிக்காவிட்டால் தசை கரைந்துவிடும்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

பிசிஏஏ (BCAA) என்பது கிளைச் சங்கிலி அமினோ அமிலங்கள். அமினோ அமிலம் என்றால் புரதத்தைக் கட்டும் துண்டு. அந்தப் பவுடரில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற 3 அமினோ அமிலங்கள். தசை வளர்ச்சியைத் தூண்டுவதில் லியூசினுக்குப் பெரிய பங்கு உண்டு, சரி. ஆனால் புதுத் தசை கட்ட, உடலால் தயாரிக்க முடியாத 9 அமினோ அமிலங்களும் வேண்டும். செங்கல் மட்டும் வந்து இறங்கினால் சுவர் எழும்பாது. முட்டை, பால், மீன், கறியில் அந்த 9-ம் இருக்கின்றன. சைவமா? அந்த 9-ல் ஒன்றான லைசின் சோற்றில் குறைவு, பருப்பில் தாராளம்; இரண்டும் சேர்ந்தால் 9-ம் கிடைக்கும்.

தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் புரதம் சாப்பாட்டிலேயே கிடைத்தால், இந்தப் பவுடரால் பெரிய பலன் இல்லை. செல்லூரில் தறி வேலை முடித்து ஜிம்முக்கு வரும் தம்பிகள் சம்பளத்தை இதில் கொட்டுவது வேதனை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேளுங்கள்.