பூவுக்கு 20 ரூபாய், வட்டிக்கு 2,000 ரூபாய்

சனிக்கிழமை நடந்த அந்தச் சேமிப்பு வகுப்பின் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரிப்புக் குறி போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். ஆகவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பி, அவருடைய கணக்கு நோட்டை வாங்கி, ‘பூ 20’, ‘ரசவடை 20’ என்ற இரண்டு வரிகளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, உங்கள் கஷ்டத்துக்குக் காரணம் இதுதான் என்று அந்தப் பயிற்சியாளர் தூக்கிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. அதே பக்கத்தில், அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே, ‘வட்டி 2,000’ என்று எழுதியிருந்தது. காணொளியை நிறுத்திப் பாருங்கள், எழுத்து தெளிவாகவே தெரிகிறது. அந்த வரியைத் தாண்டித்தான் சிவப்புப் பேனா கீழே இறங்கியது.

நான் குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு பக்கத்தில் 20, 2,000, 20 என்று மூன்று தொகைகள் இருந்தால் எதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பூ வாங்குவது வெள்ளிக்கிழமை மட்டும். பிள்ளைகளுக்கு ரசவடை வாங்குவதும் வாரத்துக்கு ஒரு நாள்தான். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு 40 ரூபாய், ஆண்டுக்கு 2,080 ரூபாய். அதாவது, ஓர் ஆண்டு முழுவதும் அவர் தலையில் வைத்த பூவும் பிள்ளைகள் தின்ற வடையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே ஒரு மாத வட்டிக்குச் சமம். இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் கூட ஆகாது. வகுப்பு இரண்டு மணி நேரம் நடந்தது.

சிறு துளி பெருவெள்ளம் என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். அந்தப் பழமொழியைச் சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துளி எந்தப் பானையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? 2025 ஏப்ரலில் பவுன் விலை 70,000 ரூபாயைத் தாண்டியது. நம் மாவட்டத்துக் கல்யாணப் பேச்சுகளில் 40 பவுன் என்பது பெரிய தொகையாகவே யாருக்கும் படுவதில்லை. அந்த விலைக்கே 28 லட்சம் ரூபாய் ஆகிறது. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனி. பூவையும் ரசவடையையும் நிறுத்தி அந்தத் தொகையைச் சேர்ப்பதென்றால் 1,346 ஆண்டுகள் ஆகும். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இருந்தாலும், முன்னறையில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் பேசி முடிக்கும் அந்தச் செலவுக்கு எவரும் நோட்டைக் கேட்பதில்லை, சிவப்புப் பேனாவையும் எடுப்பதில்லை.

வருமானத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு என்று அந்தப் பயிற்சியாளர் திரையில் ஒரு வட்டம் காட்டினாரே, அது அமெரிக்காவில் மாதச் சம்பளக்காரர்களுக்காகச் சொல்லப்பட்ட கணக்கு. அந்தப் பெண்ணின் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சிரட்டைக்கு வராமல் வழிந்துவிடும், அன்றைக்கு வெட்டு கிடையாது. மற்ற பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி மழை இன்னொன்று. அதற்குப் பிறகு மரம் இலை உதிர்க்கும் மாதங்கள் வருகின்றன, அப்போதும் வெட்டு இல்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் சாளை கூட விலையேறி நிற்கும். கூலி நிற்பதும் மீன் விலை ஏறுவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒரே மாதத்தில் வரும் ஒரு வீட்டில் எந்த 50, எந்த 30, எந்த 20 என்று அவர்தான் சொல்லித் தர வேண்டும்.

இனியும் மறைத்து எழுதுவதில் பொருளில்லை. காணொளியில் தலைகுனிந்து நின்றவர் என் மயினி, என் சொந்த அண்ணனின் மனைவி. அந்த 2,000 ரூபாய் வட்டி, நூற்றுக்கு 2 ரூபாய் என்று வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதாமாதம் கட்டுவது. அந்தக் கடனை வாங்கியது என் கல்யாணத்துக்காக. என் கழுத்தில் போட்ட நகைக்கு, அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து உடைத்துத் தோல் எண்ணெய் பட்டு விரல்கள் வெந்துபோன ஒரு பெண் இன்று வரைக்கும் வட்டி கட்டுகிறார். அசலை அடைக்க நான் பலமுறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிச் செலவு முந்திக்கொண்டது. அவர் ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை ஒரு முழம் பிச்சிப்பூ வாங்குவதை நானூறு பேர் பார்க்கச் சிரிப்பாக்கிவிட்டார்கள்.

என் அம்மாவும் கணக்கு எழுதியவர்தான். அப்பாவும் பால்வெட்டுத் தொழிலாளி. மழை மாதங்களில் பெரியப்பாதான் பணம் கொடுத்து உதவுவார். உதவினார் என்பதை மறுக்கவில்லை, ஆனால் மாதக் கடைசியில் நோட்டைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படிப்பார். ஜூன் மாதம் எங்களுக்குப் புத்தகம் வாங்க அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும், காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொள்வார். அப்படியும் சந்தைக்குப் போய் வரும்போது எங்கள் இருவருக்கும் ரசவடை வாங்கி வராமல் இருந்ததில்லை. அம்மா இறந்த பிறகு அந்த நோட்டுகளைப் புரட்டியபோது ரசவடை என்ற சொல்லே எங்கும் காணவில்லை. ஆனால் ஒவ்வொரு சந்தை நாளிலும் உப்பு வாங்கியதாக எழுதியிருந்தது. ஒரே மாதத்தில் ஐந்து முறை உப்பு. எந்த வீட்டிலும் அவ்வளவு உப்பு செலவாகாது. பெரியப்பாவுக்கு அது கடைசி வரை தெரியாது. நான் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு அன்று வெகுநேரம் அழுதேன்.

நீயும் கணக்கு எழுதுகிறவள்தானே, உனக்கு ஏன் கோபம் என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்கு எழுதுவதால்தான் கோபம் வருகிறது. தன் வீட்டுச் செலவைத் தானே தெரிந்துகொள்ளத்தான் ஒரு பெண் நோட்டு எழுதுகிறாள். மேடையில் நின்று அவளை விசாரிப்பதற்காக அது எழுதப்படவில்லை. உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதே, பேருந்தும் இலவசம்தானே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆம், வருகிறது, நன்றாகவே உதவுகிறது. அது வட்டியில் பாதி. தினமும் டாஸ்மாக்கில் போகும் பணமும் சிறு செலவுதானே என்கிறீர்களா? அது சிறு செலவே அல்ல, அதைப் பேச ஒரு வகுப்பு வைத்தால் நானே வந்து உட்காருகிறேன். ஆனால் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். குடிக்கிறவர்கள் எவரையும் அழைக்கவில்லை, சீதனம் கேட்கிறவர்களையும் அழைக்கவில்லை, வட்டிக்கு விடுகிறவர்களையும் அழைக்கவில்லை. செலவைக் குறையுங்கள் என்று சொல்வதற்கு, ஏற்கெனவே தன் தட்டில் மீனைக் குறைத்துக்கொண்டவர்களைத்தான் அழைத்திருந்தார்கள்.

நேற்று இரவு மயினி அழைத்தார். “எழுதாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கல்லா, மக்கா?” என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் எழுதியவர் அப்படிக் கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு, பூவைப் பூவென்றே எழுதுங்கள் மயினி, வேறு பெயர் போட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது, அம்மாவின் நோட்டை நான் அவரிடம் காட்டியதில்லை.

அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இன்றே நீக்கிவிடுங்கள். வகுப்பை நடத்தியவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, மயினியின் வீட்டுக்கு நேரில் சென்று வருத்தம் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம், சிரித்தது நேரில்தான். இரண்டு, அடுத்த வகுப்பில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள், கூலி எதுவும் வேண்டாம். நூற்றுக்கு 2 வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதையும், அதே கடனை வங்கியில் நகையை அடகு வைத்து வாங்கியிருந்தால் வட்டி எவ்வளவு குறைந்திருக்கும் என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஆண்களையும் அழையுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தால் வருவதற்கு அவர்களுக்கும் வசதியாக இருக்கும்.